கொசுவும் கொசுத்தேனீயும்

(கிளை ஆண்டுக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில், கொசுவையும் தேனீயையும் பற்றிப் பேச ஒரு கிராணி எழுந்து நிற்கிறானே என்று சிலர் நினைக்கலாம். ஆபீசு நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவனுக்குக் கொசுக்கடி என்ன தெரியும் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இதுவும் ஒரு சம்பளப் பிரச்சினைதான் என்பதை முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றையும் இந்தச் சபையில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் நம் மூன்றாவது லயத்துப் பையன் ஒருவனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு வயதுப் பிள்ளை. ஐந்து நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் தாயார் வேலைக்கு வராத அந்த நாட்களுக்குச் செக்ரோலில் "வரவில்லை" என்று கோடு போட்டவன் நான்தான். கடவுள் புண்ணியத்தில் பையன் பிழைத்து வந்தான்.

ஒரு வீட்டில் டிங்கி கண்டால் அதைச் சுற்றிலும் புகை மருந்து அடிப்பது சுகாதார இலாகாவின் வழக்கம். அதன்படி இன்ன தேதி, மாலை ஐந்தரை மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்று இரண்டு நாள் முன்னதாகவே தோட்டத்து ஆபீசுக்குத் தகவல் வந்தது. அவர்கள் முறையாகத்தான் தெரிவித்தார்கள். அந்தக் கடிதத்தை நான் வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன், ஆபீசுப் பலகையில் ஒட்டினேன். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதம் மலாய் மொழியில் இருந்தது. ஆபீசுப் பலகைப் பக்கம் யார் வருவார்கள்? முப்பத்தைந்து ஆண்டு பால் வெட்டி ஓய்வு பெற்று, லயத்துக் கடைசியில் பதினான்கு கட்டைகளில் தேனீ வளர்த்துக் கொண்டிருந்த நம் பெரியவர் அங்கே வந்து அதைப் படிப்பார் என்று நான் எப்படி எதிர்பார்த்தேன்? பெரட்டில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைக்கிளை மிதித்துப் போனால் ஐந்து நிமிட தூரம். நான் செய்யவில்லை.

ஐந்தரை மணிக்குப் புகை வந்தது. வெளியே மேய்ந்துவிட்டுக் கூடு திரும்பும் நேரம் அது. மறுநாள் காலையில் அந்தக் கட்டைகளின் கீழே மிளகைக் கொட்டி வைத்ததுபோல் தேனீக்கள் செத்துக் கிடந்தன. பதினான்கில் ஒன்பது கூடுகள் அழிந்தன. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாக்கை நனைச்சு மூடியிருப்பேனே கிராணியாரே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று நான் நினைத்தேன்.

தோழர்களே, கதை அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, அதே லயத்தில் மேலும் இருவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுபடியும் புகை அடிக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் கோயில் வாசலில் அந்தச் சண்டை நடந்தது. ஒரு பக்கத்தில் தாய்மார்கள், "எங்க புள்ளையைவிடத் தேனீ பெரிசா?" என்றார்கள். மறு பக்கத்தில் கட்டைத் தேனீ வைத்திருக்கும் ஆறேழு குடும்பத்தார், "புகை அடிச்சும் காய்ச்சல் நிக்கலையே, எங்க பொழைப்பை எதுக்குக் கெடுக்கணும்?" என்றார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு புகைக்காரர்களை உள்ளே விடமாட்டோம் என்றும் சொன்னார்கள். ஒரே லயத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றோம்.

இரண்டு கட்சியும் கேட்டது நியாயமே. ஆனால் இரண்டு கட்சியும் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கொசு எங்கே பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் டிரஸர் அவர்களும், சுகாதார இலாகா ஊழியர் ஒருவரும், மண்டோரும், நானும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தேடப் போனோம். என்ன கண்டோம் என்று சொல்லுவதற்கு முன், இந்தக் கொசுவின் குணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் என்னும் கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். இதில் இரண்டு வகை நமக்கு முக்கியம். ஒன்று வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது. மற்றது தோட்டத்திலும் புதரிலும் வாழ்வது. அதன் முதுகில் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பால்மரக் காட்டில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இடுப்பில் தகர டப்பியைக் கட்டி அதில் கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு நீங்கள் பால் வெட்டுகிறீர்களே, அது இந்தக் கொசுவுக்காகத்தான்.

இது சாக்கடைக் கொசு அன்று. சிறு பாத்திரத்தில் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். பெண் கொசு ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். தண்ணீரில் இடாமல், தண்ணீருக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்து நனைந்தவுடன் பொரிக்கும். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தக் கொசு நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடி, மிஞ்சினால் சில நூறு மீட்டர், அவ்வளவுதான். நம் லயத்தில் கடிக்கிற கொசு பக்கத்து ஊரிலிருந்து வந்ததன்று. நம் லயத்தைச் சுற்றியே பிறந்தது.

இப்போது நாங்கள் கண்டதைச் சொல்லுகிறேன்.

லயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய காட்டில், ஆள் பற்றாக்குறையால் வெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அங்கே மரத்துக்கு மரம் மங்குகள் வாயை மேலே திறந்தபடி கம்பியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். டார்ச்சை அடித்துப் பார்த்தால் புழுக்கள் நெளிகின்றன. ஒருவர் நிரையில் ஐந்நூறு மரம் என்று வையுங்கள். பாதி மங்குகளில் தண்ணீர், மங்குக்குப் பத்துப் புழு என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், ஒரு நிரையில் இரண்டாயிரத்து ஐந்நூறு கொசு. அந்தக் காட்டில் அப்படி எத்தனை நிரைகள்! அதற்கு நூறு கஜம் தள்ளித்தான் நம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

அடுத்தபடி பெரியவரின் தேனீக் கொட்டகைக்குப் போனோம். எறும்பு ஏறாமல் இருப்பதற்காக அவர் ஒவ்வொரு மேசைக்காலின் கீழும் ஒரு தகர டப்பா வைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அந்த டப்பாக்களிலும் புழு! பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார். பிறகு, கோயில் பூச்சாடியில், ஒரு வீட்டுத் தண்ணீர் டிரம்மில், கொல்லையில் கிடந்த மோட்டார் சைக்கிள் டயரில் என்று வரிசையாகக் கண்டோம். கடைசியில் ஆபீசு வராந்தாவுக்கு வந்தோம். பூந்தொட்டியின் கீழே வைத்திருந்த தட்டில் தேங்கிய தண்ணீரில் புழு. அந்தத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, தேனீ வளர்க்கிறவர் குற்றவாளியா, பிள்ளை பெற்றவர் குற்றவாளியா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. நிர்வாகத்தின் காடு, தொழிலாளியின் டிரம், பெரியவரின் டப்பா, கிராணியின் தொட்டி, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கொசுவை வளர்த்தன.

இப்போது புகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மாலத்தியான், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை எண்ணெயிலோ தண்ணீரிலோ கலந்து புகையாக அடிக்கிறார்கள். அந்தப் புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசுவைக் கொல்லும். நோய் கண்ட வீட்டைச் சுற்றி, ஏற்கெனவே கிருமியைச் சுமந்து திரிகிற கொசுவை உடனே கொல்ல இது வேண்டியதுதான். இதை நான் மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது; 182 பேர் மாண்டார்கள். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, புகையே கூடாது என்று எந்தத் தாயிடம் நான் சொல்ல முடியும்?

ஆனால் மங்குத் தண்ணீரில் இருக்கிற புழுவைப் புகை தொடாது. சுவரில் ஒட்டிய முட்டையையும் தொடாது. காற்றில் புகை கலைந்துபோனால் மருந்தின் வேலையும் அதோடு சரி. இன்று அடித்தால், நாளைக்குப் புதுக் கொசு பறக்கும். முதல் புகைக்குப் பிறகும் நம் லயத்தில் இருவருக்குக் காய்ச்சல் கண்டதற்கு நான் காணும் காரணம் இதுதான்.

தேனீக்கோ அந்தப் புகை எமன். கொசுவைக் கொல்லுகிற மருந்துக்குத் தேனீயைப் பிரித்து அறியத் தெரியாது. இரண்டும் பூச்சிதானே! 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து டார்செஸ்டர் மாவட்டத்தில் சிகா காய்ச்சலுக்குப் பயந்து, காலை வேளையில் ஆகாய விமானத்திலிருந்து நாலெட் என்ற மருந்தைத் தெளித்தார்கள். தேனீ வெளியே வந்துவிட்ட நேரம் அது. சில தேனீ வளர்ப்பாளர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. ஒரே இடத்தில் நாற்பத்தாறு பெட்டிகள் அழிந்தன. இலட்சக்கணக்கான தேனீக்கள் செத்துக் குவிந்தன. அவ்வளவு பெரிய நாட்டிலும், நம் லயத்துக் கடைசியிலும் நடந்த தவறு ஒன்றேதான். நேரம் தப்பியது, தகவல் போகவில்லை.

"சரி ஐயா, தேனீ செத்தால் என்ன? பால் குறைந்துவிடுமா?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். குறையாது. உண்மையைச் சொல்ல வேண்டும். மங்கில் விழுகிற பாலுக்குத் தேனீயால் ஒரு சொட்டும் கூடுவதில்லை. ஆனால் தேனீக்குப் பால்மரத்தால் பெரும் நன்மை இருக்கிறது. இலையுதிர் காலம் முடிந்து செப்பு நிறத்தில் கொழுந்து விடுகிறதே, அப்போது மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தை உற்றுப் பாருங்கள். சிறிய சுரப்பிகளில் இனிப்பு நீர் மின்னும். பூவில்லாமலே தேன் கொடுக்கிற மரம் இது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் போன ஊர். 1920-களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் அங்கே ஏழைக் குடியானவர்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்று அந்த வட்டாரத்துத் தேனில் பெரும்பகுதி பால்மரக் கொழுந்திலிருந்துதான் வருகிறது. நாம் தினமும் தொட்டு வெட்டுகிற மரத்தில் நமக்குத் தெரியாமல் இப்படியும் ஒரு வருமானம் இருக்கிறது.

நம் பெரியவர் வளர்க்கிறது கொடுக்கு இல்லாத சின்னத் தேனீ. மலாய்க்காரர்கள் கெலுலுட் என்பார்கள். நம்முடைய மக்கள் அதன் உருவத்தைப் பார்த்துக் கொசுத்தேனீ என்று பெயர் வைத்தார்கள். கொசுவைப்போல் இருந்தாலும் யாரையும் கொட்டாது, யார் இரத்தத்தையும் குடிக்காது. கொஞ்சம் புளிப்பான அதன் தேனுக்கு இந்த நாட்டில் நல்ல மதிப்பு உண்டு. அதற்கென்றே 2017-ஆம் ஆண்டில் மலேசியத் தர நிர்ணயமும் வெளியிட்டார்கள். வயதான காலத்தில் உளி பிடிக்க முடியாத கைக்கு இது ஒரு பிழைப்பு. அதுமட்டுமா? லயத்துக் கொல்லையில் பூசணியும் பாகலும் வெள்ளரியும் போடுகிறோம். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைச் சுமந்து போவது தேனீதான். அது வராவிட்டால் பூ பூக்கும், பிஞ்சு நிற்காது. அந்த ஒன்பது கூடுகள் அழிந்த பிறகு தன் கொல்லையில் பூசணிப் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்ததாக, கோயில் வாசலில் "தேனீ பெரிசா" என்று கேட்ட அதே அக்காள் பின்னர் என்னிடம் சொன்னார்.

தோழர்களே, கொசுவை எப்படி ஒழிப்பது என்று யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மண்ணின் சரித்திரமே அதுதான். 1897-இல் ரொனால்டு ராஸ் மலேரியாவைப் பரப்புவது கொசு என்று கண்டுபிடித்தார். 1901-இல் கிள்ளானில் மலேரியாவால் ஜனங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தபோது, அங்கே வந்த டாக்டர் மால்கம் வாட்சன் என்ன செய்தார்? சதுப்பு நிலத்தில் கான் வெட்டித் தண்ணீரை வடியவிட்டார்; புதரை அழித்தார். கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் என்கிற போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் காய்ச்சல் அடங்கியது. பிறகு மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் கூடியது. ஏன்? காட்டை அழித்ததும் வெயில் பட்ட தெளிந்த ஓடையில் வேறு ஒரு மலேரியாக் கொசு பெருகியது. கொசுவுக்குக் கொசு குணம் வேறு, அதற்குத் தக்கபடிதான் வேலை செய்ய வேண்டும் என்பதை அவர் அங்கே படித்துக்கொண்டார். ஓடைகளைக் குழாய் பதித்து நிலத்தடியில் ஓடவிட்டார்கள். வாரா வாரம் தண்ணீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

புத்தகத்தில் வாட்சன் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் தோட்டங்களில் அந்தக் கானை வெட்டியது யார்? முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்தது யார்? காய்ச்சலில் குளிரோடு நடுங்கிக்கொண்டே மண்வெட்டி பிடித்த நம் பாட்டன்மார்தான். இன்று நம் நாட்டில் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. குரங்கிடமிருந்து வருகிற மலேரியா மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது. இந்த வெற்றியில் நம் பாட்டன்மாரின் வியர்வையும் கலந்திருக்கிறது. கொசு பிறக்கும் தண்ணீரைத் தேடிப் போனதுதான் அவர்கள் நமக்குக் காட்டிச் சென்ற வழி.

இனிக் காரியத்துக்கு வருவோம். அந்தத் தேடுதலுக்குப் பிறகு ஆறு வாரம் நாம் அனைவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வேலை செய்தோம். நின்ற மரங்களின் மங்குகளைக் கவிழ்த்தோம். டிரம்முக்கு மூடி போட்டோம். பெரியவர் தம் டப்பாக்களில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பழைய இயந்திர எண்ணெய் ஊற்றினார். அதற்குப் பின் நம் லயத்தில் டிங்கி காணவில்லை. இதனால்தான் நின்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், மழையும் குறைந்தது. ஆயினும், அந்த ஆறு வாரத்தில் ஒரு தேனீயும் சாகவில்லை என்பதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு யார் கூலி கொடுத்தார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை. இங்கேதான் இது சம்பளப் பிரச்சினை ஆகிறது. தன் வீட்டு டிரம்மை மூடுவது தொழிலாளியின் கடமை. அதற்குக் கூலி கேட்பது அழகன்று. ஆனால் காட்டில் தொங்குகிற மங்கு தோட்டத்தின் சொத்து. வெட்டை நிறுத்தியது தோட்டத்தின் முடிவு. அதைக் கவிழ்க்கிற வேலையும் தோட்டத்து வேலைதானே? எடைக்குக் கூலி வாங்குகிறவன், ஐந்நூறு மங்குகளைக் கவிழ்க்கிற நேரத்தில் தன் வருமானத்தை இழக்கிறான். அந்த நேரத்தைச் செக்ரோலில் எழுத வேண்டும். எழுதுகிற கை என்னுடையது. எழுதச் சொல்லுகிற உத்தரவு நிர்வாகத்திடமிருந்து வர வேண்டும்.

ஆகவே கீழ்க்கண்ட யோசனைகளை இந்தக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வெட்டு நிறுத்திய காட்டில் அன்றே மங்குகளைக் கழற்ற வேண்டும் அல்லது கவிழ்க்க வேண்டும். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் இந்த வேலைக்கென்று ஒதுக்கி, அதை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். ஏன் வாரம் ஒரு முறை? புழு கொசுவாவதற்கு ஏழு நாள் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அது பறக்காது. பாத்திரத்தின் சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது, குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்தால் யாரும் டிரம்மில் பிடித்து வைக்கமாட்டார்கள். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீரையும் சுற்றுப்புறச் சுத்தத்தையும் முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. குப்பை வாரம் தவறாமல் அள்ளப்பட வேண்டும். கொட்ட முடியாத தண்ணீரில் போடுவதற்குப் பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர் மருந்தை வாங்கித் தர வேண்டும். அது கொசுப்புழுவைக் கொல்லும். தேனீக்குத் தீங்கு செய்யாது.

மூன்றாவது, டிங்கி கண்டு புகை அடிக்க நேர்ந்தால், முன்னதாகப் பெரட்டில் வாயால் சொல்ல வேண்டும். தமிழிலும் மலாயிலும் சொல்ல வேண்டும். நம்மோடு வேலை செய்கிற வங்காளதேசத்துத் தம்பிமாருக்கும் இந்தோனேசியத் தோழர்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். தேனீ வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் ஆபீசில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை நான் எழுதி முடித்துவிட்டேன். தகவல் வந்தால் அன்றைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நேரில் போவேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

நான்காவது, நேரம். ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிப்பது விடிந்த பிறகும், பொழுது சாயும் முன்னும். துரதிர்ஷ்டவசமாகத் தேனீயும் அந்த வேளையில் வெளியே இருக்கும். கூடுமானவரை சூரியன் அடைந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் தொடங்கும்படி சுகாதார இலாகாவைக் கேட்டுக்கொள்வோம். நோயின் வேகத்தைப் பார்த்து அவர்கள் வேறு நேரம் சொன்னால், அதற்கு நாம் கட்டுப்பட வேண்டும். கதவைச் சாத்துவது கூடாது. முன்னதாகத் தெரிந்தால் தேனீயைக் காப்பாற்ற வழி இருக்கிறது. முதல் நாள் இரவே, எல்லாம் கூடடைந்த பிறகு, வாசலைத் துணியால் அடைத்து, நனைத்த சாக்கைப் போர்த்துங்கள். புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள். வெயிலில் நெடுநேரம் மூடி வைத்தால் புழுக்கத்தில் செத்துப்போகும். அதில் ஜாக்கிரதை தேவை.

ஐந்தாவது, தேனீ வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் எறும்பு டப்பாவில் தண்ணீர் வைக்காதீர்கள், எண்ணெய் ஊற்றுங்கள். தேனீ குடிக்க வைக்கிற தட்டைச் சில நாளுக்கு ஒரு தரம் கொட்டிக் கழுவுங்கள். தேனீயின் பெயரால் கொசுவை வளர்த்தால், நம் கோரிக்கைக்கு மரியாதை இராது.

ஆறாவது, மருந்து அடிக்கிறவரும் தொழிலாளியே. அவருக்கு முகமூடி, கையுறை இல்லாமல் யாரும் அந்த இயந்திரத்தைத் தோளில் ஏற்றக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்து நம் பெண்கள் எவ்வளவு அவதிப்பட்டார்கள்! அது 2020 ஜனவரி முதல் தேதி தடை செய்யப்படும் வரை எத்தனை ஆண்டுகள் சென்றன! எந்த மருந்தையும் அளவறிந்து, அவசியம் அறிந்து அடிக்க வேண்டும் என்பதை நாம் அந்த அனுபவத்தில் கற்றிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் பெரியவர் கொட்டகைக்குப் போயிருந்தேன். மிஞ்சிய ஐந்து கூடுகளில் இரண்டைப் பிரித்துப் புதிய கட்டையில் வைத்திருக்கிறார். மொத்தம் ஏழு. பழையபடி பதினான்கு ஆக இன்னும் எத்தனை காலமோ! கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து தேனீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சலில் கிடந்து பிழைத்த அதே ஏழு வயதுப் பையன். "தாத்தா, இது கடிக்காதா?" என்று கேட்டான். "கடிக்காதுடா, கையை நீட்டு" என்றார் பெரியவர். அந்தப் பிள்ளையும் வாழ வேண்டும், அந்தக் கூடும் வாழ வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மைக் கேட்கிற நிலைமை மீண்டும் இந்த லயத்துக்கு வரக் கூடாது.

நாளைக் காலையில் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகிறவர்கள், வெட்டாத மரத்தில் ஒரு மங்கு வாயைத் திறந்துகொண்டு தொங்கினால், தீர்மானம் நிறைவேறட்டும் என்று காத்திராமல் அதைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். கணக்கை நாம் சங்கத்தின் மூலம் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!